ஆங்கில வினையடைகளும் பிரெஞ்சு இணைகளும்: திருத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்திருக்கும் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காக, அன்றாட ஆங்கில வினையடைகளை இடப்புறமும் அவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களை வலப்புறமும் அடுக்கி, தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் ஓர் அட்டவணை வெளியாகியிருந்தது. முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் அதில் இரண்டு பதிவுகள் பிழையானவை. வேறு சில அரைகுறையானவை. தேர்வுக்கு மனப்பாடம் செய்வோர் பலர் அதைக் கத்தரித்து வைத்திருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

'ஆக்சுவலி' என்பதற்கு நேராக 'அக்த்யுயெல்மான்' என்று அச்சாகியிருக்கிறது. எழுத்தும் ஒலியும் ஒத்திருப்பதால் நேர்கிற வழுக்கல் இது. பிரெஞ்சில் அச்சொல்லுக்குத் 'தற்போது' என்றே பொருள். நம்மவரில் பலர் தமிழ் பேசும்போதுகூட வாக்கியத்துக்கு ஓர் 'ஆக்சுவலி' போடுகிறார்கள்; அந்தப் பழக்கத்தோடு ஒருவர் பாரிசில் இறங்கி, வாய் திறக்கும்போதெல்லாம் 'அக்த்யுயெல்மான்' என்று தொடங்கினால், அவர் சொல்வதெல்லாம் இன்றைய நிலவரம் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். அங்கே வேண்டியது 'ஆன் ஃபெத்' அல்லது 'ஆ வ்ரே தீர்'. பின்னதைச் சொல் சொல்லாகப் பிரித்தால் நம்முடைய 'உண்மையைச் சொல்வதென்றால்' அப்படியே கிடைக்கும்.

'எவென்ச்சுவலி' என்பதற்கு 'எவாந்த்யுயெல்மான்' என்று கொடுத்திருப்பது இதைவிட ஆபத்தானது. அதன் பொருள் 'ஒருவேளை', 'தேவைப்பட்டால்' என்பது. பிரான்சில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர் ஒருவர், படிப்பையும் சில ஆண்டுப் பணி அனுபவத்தையும் முடித்துக்கொண்டு இறுதியில் இந்தியாவுக்குத் திரும்பிவிடுவேன் என்று உறுதி கூற நினைத்து இச்சொல்லைப் போட்டால், படிக்கும் அலுவலர் கண்ணில் அது 'திரும்பினாலும் திரும்பலாம்' என்றாகிவிடும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஆங்கிலத்தின் தாக்கத்தால் சிலர் இப்படி எழுதுவதுண்டு. அங்கும் அது பிழையென்றே சுட்டப்படுகிறது. 'நாளடைவில்' என்னும் பொருளில் 'ஆ லா லோங்க்' உண்டு. ஆனால் பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் வினையடையைத் தேடிப் போகாமல் 'ஃபினிர் பார்' என்னும் வினைத்தொடரையே பயன்படுத்துகிறார்கள்: 'இல் அ ஃபினி பார் அக்ஸெப்தே', அதாவது 'ஒருவழியாக ஒத்துக்கொண்டார்'.

அட்டவணையின் அடிப்படைக் குறையும் இதுதான். ஆங்கிலம் வினையடையால் சொல்வதைப் பிரெஞ்சு பல நேரங்களில் வினையாலேயே சொல்லிவிடுகிறது. அத்தகைய இடங்களில் சொல்லுக்குச் சொல் தேடினால் அகப்படாது. 'ஆல்மோஸ்ட்' என்பதற்குப் 'ப்ரெஸ்க்' என்று போட்டிருப்பது சரிதான் என்றாலும், ஒருவன் விழாமல் தப்பியதைச் சொல்ல அங்கே இயல்பான வாக்கியம் 'இல் அ ஃபாயி தோம்பே'. தமிழில் நாம் 'விழப் பார்த்தான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே அமைப்பு. ஆற்றை நீந்திக் கடந்தான் என்பதிலும் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் கடத்தல்தான் முதன்மை வினை, நீச்சல் அதற்குத் துணை. ஆங்கிலமோ நீச்சலை வினையாக்கி, கடத்தலை 'அக்ராஸ்' என்ற சிறுசொல்லில் அடக்கிவிடுகிறது. தமிழ் மாணவரை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி இழுத்துப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோவதால் இந்த நெருக்கம் அவர் கண்ணில் படாமலே போகிறது.

'ஜஸ்ட்' என்பதற்கு 'ஜூஸ்த்' என்ற ஒரே சொல் போதாது. 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்பதற்கு 'வெனிர் தெ' வேண்டும்: 'ஜெ வியன் தெ மான்ஜே'. 'ஒரு நிமிடம் மட்டும்' என்னும்போது 'ஜூஸ்த்' பொருந்தும். 'சும்மாதான் கேட்டேன்' என்பதற்கோ 'கொம் ஸா' இருக்கிறது. நம்முடைய 'சும்மா'வுக்கு ஆங்கிலத்தில் திண்டாடுகிறவர்களுக்கு இது சிறு ஆறுதல்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று நான் சொல்லவரவில்லை. 'சான் தூத்' என்பதைப் பிரித்தால் 'சந்தேகமின்றி' என்று வரும். ஆனால் இன்றைய பிரெஞ்சில் அதற்கு 'அநேகமாக' என்ற அளவே வலு. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு சொல் சேர்த்து 'சான்ஸோக்கன் தூத்' என்றாக்க வேண்டும்.

'துஜூர்' பற்றியும் ஒரு வார்த்தை. 'எப்போதும்', 'இன்னும்' ஆகிய இரு பொருளும் அதற்குண்டு. அட்டவணையில் முதற்பொருள் மட்டுமே உள்ளது. எதிர்மறை வாக்கியத்தில் 'பா' என்ற சொல்லுக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதைப் பொறுத்துப் பொருளே மாறும். 'இல் நே பா துஜூர் லா' என்றால் அவர் எப்போதுமே இங்கே இருப்பார் என்றில்லை. 'இல் நே துஜூர் பா லா' என்றால் ஆளை இன்னமும் காணோம். வெறுமனே 'இன்னும் வரவில்லை' என்பதற்குப் 'பா ஆங்கோர்' போதும். 'துஜூர் பா' என்னும்போது காத்திருந்தவரின் எரிச்சலும் சேர்ந்து ஒலிக்கிறது.

பிரெஞ்சில் வினையடை ஆக்கப் பெயரடையின் பெண்பால் வடிவத்தோடு 'மான்' விகுதியைச் சேர்க்க வேண்டும் என்ற அட்டவணைக் குறிப்பு சரியே. லத்தீனில் மனத்தைக் குறித்த பெண்பாற் சொல்லிலிருந்து அவ்விகுதி பிறந்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தால், ஏன் பெண்பால் என்று மாணவர் கேட்க வேண்டியிருக்காது.

முதலில் குறித்த இரண்டு பிழைகளுக்கும் அடுத்த வாரக் கல்விப் பக்கத்திலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டவணையைத் தொடர்வதாக இருந்தால், தனிச்சொற்களை விடுத்து முழு வாக்கியங்களாக, ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பக்கத்தில் தமிழுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
புதுச்சேரி.