வின்சா குளத்தில் கிடந்த எரிபொருள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணு ஆய்வு உலைகளில் பயன்படுத்திய யுரேனிய எரிபொருளை, அதைத் தந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். யுரேனியம் தவறான கைகளில் சிக்கிவிடக் கூடாது என்ற கவலையை நன்றாக எழுதியிருந்தீர்கள். ஆனால், திரும்பிப் போகும்வரை அது எந்த நிலையில் கிடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடை ஒட்டியுள்ள வின்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் எரிபொருளில் 1959 முதல் 1984 வரை ஓடிய உலை அது. எரிந்து முடிந்த எரிபொருள் துண்டுகள் அங்கேயே தண்ணீர்க் குளத்தில் தங்கிவிட்டன. அப்புறம், செர்பியா அன்று அங்கமாக இருந்த, எரிபொருளை வாங்கிய யூகோஸ்லாவியாவும் உடைந்தது, கொடுத்த சோவியத் யூனியனும் இல்லாமல் போனது. போர், பொருளாதாரத் தடை என்று நாடு தவித்தபோது குளத்துத் தண்ணீரின் தரத்தை யார் கவனிப்பார்கள்? துண்டுகளை மூடியிருந்த அலுமினிய உறைகள் அரித்து, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் தண்ணீரில் கலந்தது.

2002 ஆகஸ்டில் அங்கிருந்த பயன்படுத்தாத எரிபொருள் 48 கிலோ, பலத்த காவலோடு விமானத்தில் ரஷ்யாவுக்குப் போனது. குண்டு செய்யத் தோதான 80 சதவீதச் செறிவு (அதாவது, எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235இன் பங்கு) கொண்டது என்பதால் அவ்வளவு வேகம். கசிந்துகொண்டிருந்த பழைய எரிபொருளோ மேலும் எட்டு ஆண்டுகள் காத்திருந்தது. அணு ஆயுதப் பரவலைத் தடுக்க அமெரிக்க அரசு ஒதுக்கிய பணத்தைக் குளத்தைச் சுத்தம் செய்யச் செலவிட வழியில்லை. ஒரு தனியார் அமைப்பு 50 லட்சம் டாலர் தர முன்வந்த பிறகுதான் அந்தப் பேச்சே நகர்ந்தது.

வேலையும் லேசுப்பட்டதல்ல. ஒரு சாண் நீளம்கூட இல்லாத துண்டுகள், மொத்தம் 8,030. அவை கிடந்த பழைய பீப்பாய்களைத் தண்ணீருக்குள்ளேயே அறுத்துத் திறந்து, துண்டுகளை எடுத்துப் புதிய கலன்களில் அடைக்க வேண்டியிருந்தது. 2010 நவம்பரில் அவை ஹங்கேரி, ஸ்லோவேனியா வழியாகக் கோப்பர் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் ரஷ்யாவின் மூர்மன்ஸ்க்குக்கும் போய், டிசம்பரில் ரயிலில் அந்நாட்டின் மாயாக் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையைச் சேர்ந்தன. 1957இல் அணுக்கழிவுத் தொட்டி வெடித்த விபத்தும், தெச்சா ஆற்றில் கதிரியக்க மாசும் கண்ட இடம் அது. அங்குள்ள மக்களையும் மறந்துவிட்டு ‘பாதுகாப்பாகத் திரும்பியது’ என்று எழுத எனக்கு மனம் வராது.

உறை நல்ல நிலையில் இருந்தபோதே அனுப்பியிருந்தால் இதில் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். அதனால், எரிபொருள் விற்கும்போதே எந்த ஆண்டுக்குள் திரும்ப எடுப்பது, அதற்கான பணம் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அந்தத் தொகையை அப்போதே தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும். இன்று புதிதாக ஆய்வு உலை வாங்கும் நாடுகளின் ஒப்பந்தங்களில் இது இருக்கிறதா என்று தங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்