டீயை நிறுத்தாதே மக்கா

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். அவர்களால் அடுப்படிக்குப் போகாமல் இருக்க முடியாது, கொஞ்ச நாளைக்கு நீதான் தடுத்து வைக்க வேண்டும். இங்கே சின்னவளுக்குப் பாளையங்கோட்டையிலேயே பி.காம். கிடைத்துவிட்டது, ஹாஸ்டல் தேடி அலைய வேண்டிய வேலை மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு பிளான் வரைகிற உன் ஆபீஸின் செலவு கட்டுக்குள் நிற்கவில்லை, அதனால் டீயை நிறுத்தப் போகிறேன், பெருக்க வருகிற அக்காவையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டிலும் கை வைக்காதே, மக்கா. ஊர்க்காரர்களின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே பிழைக்கிறவன் நான், செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் பிடிப்பது டீயையும் ஆள் சம்பளத்தையும்தான், ஏனென்றால் அவைதான் தினமும் கண்ணில் படுகின்றன. ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் ஏறிக்கொண்டே இருக்கிற பில்களை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. டீயை நிறுத்தினால் உன் பையன்கள் நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்க் குடித்துவிட்டு வருவார்கள், போக, வர, பேச என்று அரை மணி நேரம் போகும், அந்த அரை மணி நேரச் சம்பளம் டீக்காசைவிட அதிகம். ஒரு பெரிய ஃப்ளாஸ்க்கும் நாலு எவர்சில்வர் டம்ளரும் வாங்கி வை, பேப்பர் கப் வாங்குகிற செலவு அதோடு ஒழியும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப்புகளுக்கு 2019 ஜனவரி 1-லிருந்து நம் மாநிலத்தில் தடையும் இருக்கிறது.

இப்போது கரண்ட் பில்லை எடு. கடை, ஆபீஸ் கனெக்‌ஷனுக்கு வீட்டுக்குத் தருவதுபோல 100 யூனிட் இலவசம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பில்லில் நிலைக் கட்டணம் என்று ஒரு வரி வருகிறதே, அதைக் கவனித்தாயா? நீ ஒரு யூனிட் கூட ஓட்டாவிட்டாலும் அது வரும், வாங்கி வைத்திருக்கிற லோடைப் பார்த்து, அதாவது அந்தக் கனெக்‌ஷனில் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று அனுமதி வாங்கிய அளவைப் பார்த்து, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். உனக்கு முன்னால் அந்த மாடியில் வரிசையாக மோட்டார் மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்தினார்கள் என்று சொன்னாய். அவர்கள் வாங்கிய லோடு அப்படியேதான் இருக்கும். ரெண்டு கம்ப்யூட்டர், பெரிய தாளில் பிளான் அடிக்கிற பிளாட்டர் ஒன்று, ஒரு ஏசி, நாலு ஃபேன், இதற்கு அவ்வளவு எதற்கு? லோடு குறைக்க மின்வாரியத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கனெக்‌ஷன் ஓனர் பெயரில் இருப்பதால் அவர்தான் கேட்க வேண்டும், நல்ல மனுஷர் என்கிறாய், மறுக்க மாட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆசைப்பட்டு ரொம்பவும் குறைத்துவிடாதே. ஓடுகிற சாமான்களின் வாட்டை எல்லாம் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுக் கேள், லோடைத் தாண்டினால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டி வரும்.

ஏசி விஷயத்தில் உன்மேல் எனக்குக் கோபமே வருகிறது. தென்காசியில் இருந்துகொண்டு, ஆனி ஆடிச் சாரலில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று வாசலில் வந்து நிற்கிற நேரத்தில், ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போடுகிறவனை என்ன சொல்ல! இங்கே திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாள் பறக்கிறது என்பாய், அதற்குக் கனமாக நாலு கல் போதும். சித்திரை வைகாசியில் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் சுற்ற விடு. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏசி இழுக்கிற கரண்டில் ஆறு சதவீதம் வரை மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது, 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிளோடு வருகிற ரூம் ஏசிகள் 24-இல் தொடங்கும்படி வந்ததும் அதனால்தான். ஃபேனைப் பொறுத்தவரை அவசரப்படாதே. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கிற புது மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட், பத்து மணி நேரம் ஓடினால் நாளைக்கு அரை யூனிட்டை ஒட்டித்தான் வித்தியாசம். போட்ட காசு திரும்ப ரெண்டு வருஷம் ஆகும். ஓடுகிறதைக் கழற்றாதே, ஏதாவது ஒன்றில் மோட்டார் காயில் எரிந்து போனால் அப்போது பிஎல்டிசி வாங்கிக்கொள்.

உன் தொழிலில் பெரிய ஓட்டை பிரிண்ட்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் சமையலறையை வடக்கே தள்ளச் சொன்னால் ஒரு பிரிண்ட், படிக்கட்டைத் திருப்பச் சொன்னால் இன்னொரு பிரிண்ட், அதுவும் பெரிய தாளில். டிவியில் போட்டுக் காட்டு, இல்லை ஏ4-இல் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடு, பேனாவால் கிறுக்கட்டும், முடிவானதும் பெரிய தாளில் ஒரே தடவை எடு. 2024 ஜூலையில் வந்த, நாமே சான்று கொடுத்து வீட்டு பிளானுக்கு உடனே அனுமதி வாங்குகிற சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம் என்றால் எல்லாமே ஆன்லைனில்தானே ஏற்றுகிறாய்? அப்புறம் ஃபைலுக்கு ரெண்டு, கைக்கு ஒன்று என்று பழைய பழக்கத்தில் எதற்கு எடுக்க வேண்டும்? சாதாரண வேலைக்கு 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) தாள் தாராளம். நான் கரூர் காகிதபுரத்துத் தாளைத்தான் வாங்குகிறேன், கரும்புச் சக்கையைச் சேர்த்துச் செய்கிற தாள், ரெண்டு பக்கமும் அடித்தாலும் சிக்குவதில்லை. லேசர் பிரிண்டர் டோனர் தீர்ந்தது என்று காட்டினால் உடனே மாற்றாதே, வெளியே எடுத்து, படுக்கைவாட்டில் பிடித்து, பக்கவாட்டில் மெதுவாக நாலு ஆட்டு ஆட்டி உள்ளே போடு, மங்கிய எழுத்து தெளிந்து இன்னும் கொஞ்ச நாள் வரும்.

ஒருபக்கம் அடித்த தாளை நாலாக வெட்டி ஸ்டேப்ளர் போட்டுக் குறிப்பு நோட்டாக வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்தான். பத்திர நகல், ஆதார் நகல், பான் நகல் மட்டும் அந்தக் கட்டுக்குள் போகவே கூடாது. இங்கே ஒரு கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒருவரின் ஆதார் நகல், போட்டோ, விலாசம் எல்லாம் எண்ணெய்க்குள் அப்படியே தெரிந்தது. உன்னை நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தவருக்கு அந்தக் கதி வரக்கூடாது. கிழித்துப் போட ஒரு ஷ்ரெடர் வாங்கு, இந்த ஒரு செலவை மட்டும் நானே உன்னைச் செய்யச் சொல்கிறேன்.

டோனர், பிரிண்டர், ஏசி எது வாங்கினாலும் உன் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டு பில் கேள். 18 சதவீத வரியை நீ கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், கடைக்காரர் அந்த பில்லைத் தாக்கல் செய்து, ஜிஎஸ்டி தளத்தில் உனக்கு மாசாமாசம் வருகிற 2பி பட்டியலில் அது வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டீ, சாப்பாட்டு பில்லுக்கு இந்தக் கழிவு கிடையாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதே, வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். போனில் யுபிஐ ஆட்டோபே பட்டியலையும் ஒருதரம் திறந்து பார், மறந்துபோன சந்தா ஏதாவது மாசாமாசம் இழுத்துக்கொண்டிருக்கும். கேன் தண்ணீருக்குப் பதிலாக ஒரு ஃபில்டரும் காருக்குறிச்சிப் பானையும் வை, அந்தத் தண்ணீர் ருசிக்கே வீடு கட்டுகிறவர்கள் இன்னொரு தடவை வருவார்கள்.

பெருக்குகிற அக்காவுக்கு இந்த மிச்சத்திலிருந்து தீபாவளிக்கு ஒரு சேலையும் சேர்த்துக் கொடு. நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு வருவாய்தானே? வரும்போது ஆறு மாசத்துக் கரண்ட் பில்லையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்து வா, லோடு விண்ணப்பத்தை இங்கே உட்கார்ந்தே எழுதிவிடலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பெஞ்சுக்காரன்,
வண்ணார்பேட்டை