முழு செட்டும் பாடிட்டேன், உங்க எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம், நேத்து ரிகர்சல்ல முழு செட்டையும், அதாவது ஒரு ஷோவுல பாடுற பாட்டு மொத்தத்தையும், நடுவுல நிறுத்தாம பாடி முடிச்சுட்டேன். முடிச்ச உடனே உங்களுக்கு எழுதணும்னுதான் தோணுச்சு, இன்னும் கை லேசா நடுங்குது, அதனால எதுவும் கோர்வையா வராது, பொறுத்துக்கோங்க. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி எழுத இப்ப தெம்பு இல்ல, எழுதவும் வேணாம். குரல் வந்துருச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு நன்றி. குசுகுசுன்னு பேசினாக்கூட தொண்டைக்கு சிரமம்தான், பேசாதன்னா பேசாதன்னு கண்டிப்பா இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் மேடத்துக்கு நன்றி, தண்ணிக்குள்ள ஸ்ட்ரா விட்டு ஊதி ஊதி ஒரு சுருதிய மெதுவா ஏத்தி இறக்க கத்துக்கொடுத்தாங்களே, அதுதான் எனக்கு திரும்பக் கெடச்ச முதல் சங்கீதம். பேண்டு பசங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, தற்காலிகமா வேற பாடகிய வெச்சு ஓட்டலாம்னு வந்த பேச்ச என் காதுக்கே வரவிடாம அவங்களே மறுத்திருக்காங்க, எனக்கு அது போன வாரம்தான் தெரியும். பணம் அனுப்பினவங்க, ரத்தான ஷோவுக்கு டிக்கெட் காச திருப்பி வாங்கிக்காதவங்க, டிவி போட்டில என்கூட பாடினவங்க (நீங்க எல்லாருமே கூப்பிட்டீங்க, முதல் ரவுண்டுலயே வெளிய போனவங்க கூட), மெசேஜ் கடைசில "பதில் போட வேணாம்"னு எழுதினவங்க, எல்லாருக்கும் சேர்த்து ஒரே நன்றியா சொல்றேன், தனித்தனியா சொன்னா அழுதுருவேன்.

ஆனா ஒருத்தர பத்தி கொஞ்சம் நீளமா எழுதணும். அவரு இதை படிப்பாரான்னு தெரியாது, பேரு போட வேணாம்னு சொல்லிட்டாரு. மானிட்டர் அண்ணன்னே வெச்சுக்கறேன்.

ஆடியன்ஸுக்கு கேக்குற சத்தம் வேற, மேடையில நிக்கிற எங்களுக்கு கேக்குற சத்தம் வேற. உங்களுக்கு வர்றத எதிர்ல உக்காந்து ஒருத்தர் மிக்ஸ் பண்ணுவாரு, எங்க காதுக்கு வர்றத மேடை ஓரமா நின்னு இன்னொருத்தர் பண்ணுவாரு. அவருதான் மானிட்டர் இன்ஜினியர். டிவியில அவர் முகத்தை யாரும் பாத்திருக்க மாட்டீங்க. நான் போட்டில பாடின காலத்துல அந்த மேடையில அவருதான் இருந்தாரு, ஒவ்வொரு தடவையும் இன்-இயர் (காதுக்குள்ள வெக்கிற குட்டி ஸ்பீக்கர்) மாட்டி விட்டு கட்டை விரல தூக்கி காட்டுவாரு, நானும் காட்டுவேன், மொத்த பழக்கமே அவ்வளவுதான். அதுக்கப்புறம் பல வருஷமா நாங்க பேசிக்கிட்டதில்ல.

தொண்டை சரியாகி முதல் ரிகர்சல் அன்னைக்கு அவர் வந்து நிக்கிறாரு. யாரும் கூப்பிடல. டிரம்மர் பேச்சுவாக்குல எங்கயோ சொன்னது அவர் காதுக்கு போயிருக்கு. "எப்படி மா இருக்க"ன்னு கூட கேக்கல, கேட்டா நான் பதில் சொல்லணுமேன்னு யோசிச்சிருக்காரு. நேரா போயி கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்குற ஸ்பீக்கர் பெட்டி) ரெண்டையும் திருப்பி வெச்சாரு, என் முதுகப் பாத்து இருந்தத பக்கவாட்டுல திருப்பி லேசா மேல சாய்ச்சு, அதை வாசிக்கறவன் காதுக்கு நேரா வர்ற மாதிரி. அப்ப அவனுக்கே அது ரொம்ப சத்தமா கேட்டு அவனா கொறச்சுட்டான், யாரும் கெஞ்ச வேண்டியிருக்கல. டிரம்ஸுக்கு முன்னாடி ஒரு தடுப்பு நிறுத்தினாரு. அப்புறம் என் இன்-இயர்ல என் குரல எல்லாத்துக்கும் மேல கொண்டு வந்து துளி ரிவெர்ப், அதாவது பெரிய ஹால்ல பாடுற மாதிரி லேசான எதிரொலி, போட்டாரு. குரல் வறட்டுன்னு கேட்டா பாடுறவங்க தன்னை அறியாம அழுத்துவாங்களாம், கொஞ்சம் கார்வையோட கேட்டா தளர்ந்து பாடுவாங்களாம்.

நான் வாயத் திறந்தேன். வழக்கம்போல பாய்ஞ்சு தொடங்கத்தான் உடம்பு தயாரா இருந்துச்சு, ஆனா என் குரல் எனக்கு அவ்வளவு பக்கத்துல கேட்டதால பாயவே தோணல. பாதி பலத்துல பாடினேன், முழுசா கேட்டுச்சு. பாட்டு பாதிலயே கண்ணு கலங்கிருச்சு, அவரு அங்கருந்தே கைய காட்டி தொடர்ந்து பாடுன்னாரு. முடிஞ்சதும் ஒரே ஒரு வரிதான் சொன்னாரு. "சத்தம் வரவைக்கிறது என் வேலை மா, நீ பாடினா போதும்."

பணம் பேச்ச எடுத்த உடனே ஹெட்போன பையில போட்டுட்டு கெளம்பிட்டாரு. மறுநாளும் வந்தாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ரிகர்சலுக்கும் வந்தாரு.

இதுல என்ன பெருசுன்னு சிலருக்கு தோணலாம். சொல்றேன். சுத்தி சத்தம் கூடக்கூட மனுஷன் தன்னை அறியாம குரல ஏத்துவான், இத 1911லயே லம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதி வெச்சிருக்காராம், தெரபிஸ்ட் மேடம்தான் சொன்னாங்க, அவர் பேராலயே அதுக்கு பேரு. ராக் மேடைய யோசிச்சுப் பாருங்க, டிரம்ஸ் பின்னாடி, ஆம்ப் ரெண்டு பக்கம், முன்னாடி கூட்டம். 440 ஹெர்ட்ஸ்ல ஒரு சுருதிய புடிச்சா குரல் நாண் ரெண்டும் ஒரு செகண்டுக்கு 440 தடவை ஒன்னோட ஒன்னு மோதும். அந்த சத்தத்துக்கு மேல கேக்கணும்னு அழுத்திப் பாடினா ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமா விழும், வாரா வாரம், சீசன் சீசனா. டெக்னிக் தெரிஞ்சவங்களுக்கும் இதுதான், ஏன்னா தன் குரல் கேக்கலன்னா டெக்னிக் கையில நிக்காது.

டிவி போட்டில எனக்கு நிறைய கெடச்சுது, அதை மறக்க மாட்டேன். ராக் பாடுற ஒரு பொண்ண வீடு வீடா கொண்டு போய் சேர்த்தது அந்த மேடைதான். ஆனா அங்க ஒரு பாட்டுக்கு ஒன்றரை நிமிஷம், அதுக்குள்ள உச்சஸ்தாயி வந்தாகணும், ஒரு வாரம் மெலடி, அடுத்த வாரம் குத்து, அதுக்கடுத்த வாரம் ராக்கு, எப்ப முடிச்சாலும் வர்ற கமெண்ட் "சூப்பர், ஆனா இன்னும் பவர் வேணும்". கூட்டு கூட்டுன்னு சொன்னவங்க மத்தியில, நான் பாடுறதுக்காக சுத்தி இருக்கறதெல்லாம் கொறைச்ச முதல் ஆளு இந்த அண்ணன். அதான் இவ்வளவு எழுதுறேன்.

பேசாம கிடந்த நாள்ல இதே வழியா வந்தவங்க என்ன ஆனாங்கன்னுதான் தேடித் தேடி படிச்சேன், அதுவும் எனக்கு ஒரு உதவிதான், அவங்களுக்கும் இங்க நன்றி சொல்லிக்கறேன். கிறிஸ் டாட்ரி 2006ல அமெரிக்கன் ஐடல்ங்கற டிவி பாட்டுப் போட்டில நாலாவது இடத்தோட வெளிய போனாரு, அதே வருஷம் கடைசில வந்த அவரோட பேண்டு ஆல்பம் அமெரிக்க ஆல்பம் வரிசையான பில்போர்டு 200ல முதலிடம் வரைக்கும் போச்சு. 2011ல அதே ஐடல்ல ஜேம்ஸ் டர்பினும் நாலாவதுதான், டூரெட் சிண்ட்ரோமோட (உடம்பும் குரலும் தன்னால துடிக்கிற நரம்புப் பிரச்சனை) வளர்ந்தவரு, குடும்பமா பாக்குற அந்த ஷோல நின்னு ஹெவி மெட்டல் பாடினாரு, பின்னாடி பேர் போன மெட்டல் பேண்டான குவயட் ரயட்டுக்கே பாடகரா போனாரு. ஆடம் லாம்பர்ட் 2009ல அங்க ரெண்டாவது, பின்னாடி குயின்ங்கற பெரிய ராக் பேண்டு கூட உலகம் பூரா பாடினாரு. இத்தாலில மொனெஸ்கின்ங்கற பேண்டு 2017ல எக்ஸ் ஃபேக்டர் டிவி போட்டில ரெண்டாவது, 2021ல நாடுகளுக்கு நடுவுல நடக்குற யூரோவிஷன் பாட்டுப் போட்டியையே ஜெயிச்சாங்க. இதுல யாருமே அந்த ஐடல், எக்ஸ் ஃபேக்டர் கோப்பைய வாங்கல. ஷோ முடிஞ்சப்புறம் தனக்குன்னு ஒரு சவுண்டு தேடிப் போனாங்க, கூட நிக்க ஆளும் கெடச்சுது. அடுத்த சீசன் வந்துட்டா முந்தின சீசன் முகத்தை யாரும் தேட மாட்டாங்க, அது எங்க எல்லாருக்கும் தெரியும், அதுக்கப்புறமும் ஒருத்தர் இருபது வருஷம் மேடையில நிக்கிறாங்கன்னா அவங்களுக்கு பின்னாடி இப்படி நாலு மானிட்டர் அண்ணன் இருந்திருப்பாங்கன்னு இப்ப நம்பறேன்.

ராக் பாடகர் ஜான் பான் ஜோவி அவ்வளவு பெரிய ஆளு, 2022ல குரல் நாண்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு அதைப் பத்தி வெளிப்படையா பேசினாரு. எங்க தொழில்ல தொண்டை போச்சுன்னு சொன்னா அடுத்த புக்கிங் வராதுன்னு பயந்து மறைக்கிறவங்க எத்தனையோ பேரு. நான் உங்ககிட்ட மறைக்காம சொன்னதுக்கு அவரு பேசினதும் ஒரு காரணம்.

இனிமே எப்படின்னா, அடுத்தடுத்த நாள் ரெண்டு ஷோ ஒத்துக்க மாட்டேன், பேண்டும் சரின்னுட்டாங்க. கிட்டார் எல்லாத்தையும் அரை ஸ்டெப் கீழ ட்யூன் பண்ணியாச்சு, பழைய பாட்டு கொஞ்சம் கனமா கேக்கும், எனக்கு அது பிடிச்சிருக்கு, உங்களுக்கும் பிடிக்கும்னு நினைக்கறேன். எந்த போட்டிலயாவது என்னை மென்டரா கூப்பிட்டாங்கன்னா, போட்டோவுக்கு நிக்கறதுக்கு முன்னாடி நேரா மேடை ஓரத்துக்குப் போயி பசங்களுக்கு அவங்க குரல் கேக்குதான்னு ஒவ்வொருத்தரா கேப்பேன், கேக்கலன்னா சரி பண்ற வரைக்கும் ஷூட்டிங் ஆரம்பிக்க விட மாட்டேன். இது நான் அண்ணனுக்கு கொடுத்த வாக்கு, இங்கயும் எழுதி வெக்கறேன்.

இப்ப போட்டில பாடிட்டு இருக்கற தம்பி தங்கச்சிங்களே, சவுண்ட் செக்ல "என் குரல கொஞ்சம் ஏத்துங்கண்ணா, மத்தத கொறைங்க"ன்னு கேக்க தயங்காதீங்க, புதுசுன்னு கூச்சப்படாதீங்க. எப்படி கேக்கறதுன்னு தெரியலன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, ராத்திரி எந்நேரமானாலும் பாத்துட்டு பதில் போடுவேன். இப்போதைக்கு டைப் பண்ணி மட்டும்தான், வாய்ஸ் நோட் அனுப்ப மேடம் இன்னும் பர்மிஷன் கொடுக்கல.