கிணற்று வாளி: சேதுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேது,

நாலு மாதம் பதில் போடாதது தப்புதான். திட்டி முடித்ததும் மேலே படி. மங்கை நலம், அந்தப் பழைய ஸ்கூட்டரும் நலம்.

போன கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருந்தாய்: "யூதர்கள் கைகழுவும் வழக்கத்தால் கொள்ளைநோயில் குறைவாகச் செத்தார்கள், அதனால்தான் சந்தேகம் வந்தது." பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக்கைச் சொல்கிறாய்; யூதர்கள் கிணற்றில் விஷம் போட்டுத்தான் அது பரவியது என்ற சந்தேகத்தை. அய்யா, அந்த நோயைப் பரப்பும் எலித்தெள்ளுக்குக் கழுவிய கை, கழுவாத கை என்று உண்டா? அவர்களும்தான் சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளெமென்ட்டே 1348-இல் ஆணை போட்டார். யூதரே இல்லாத ஊரிலும் நோய் பரவுகிறதே என்றும் கேட்டார்.

இன்று பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைப் பார். 1349 பிப்ரவரி 14, சனிக்கிழமை. யூதர்களை அவர்களுடைய இடுகாட்டுக்கே ஓட்டிப்போய், மரமேடை போட்டு எரித்தார்கள். சுமார் 2,000 பேர் என்கிறது நகர வரலாறு. எனக்கு அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகப் படுகிறது. ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்தவர்களை விட்டார்கள். நோயோ அந்த ஊருக்குள் வந்தது கோடையில்தான்!

நோய்க்கு முன்னால் வந்தது காகிதம். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துச் சவாய் நாட்டில், கிணற்றில் விஷம் போட்டதாக யூதர்களிடம் வாங்கிய வாக்குமூலங்களின் நகல் ஸ்ட்ராஸ்பர்க் கைக்கு வந்திருந்தது. அதில் அஜிமே என்ற யூதரை "கொஞ்சம்" வதைத்ததாக எழுதிவிட்டு, அப்புறம் விவரம்: தைத்த ஒடுங்கிய தோல்பை, அரைச்சாண் அளவு விஷம், வெனிஸ் கிணறு. அளவு சொன்னால் பொய்க்கும் எடை வந்துவிடுகிறது, பார்த்தாயா?

எனக்குத் தூக்கம் கெட்டது, யூதர்களை என்ன செய்வது என்று பேச அந்த வட்டாரத்து ஊர்கள் பென்ஃபெல்டில் கூடிய கூட்டத்தைப் படித்துத்தான். எங்கள் ஊர் யூதர்மேல் ஒரு குற்றமும் தெரியாது என்றார்கள் ஸ்ட்ராஸ்பர்க் பிரதிநிதிகள். அப்படியானால் கிணறுகளை மூடி வாளிகளை ஏன் எடுத்து வைத்தீர்கள் என்று மடக்கினார்கள் மற்றவர்கள். வதந்திக்குப் பயந்து செய்த காரியமே வதந்திக்குச் சாட்சியாகிவிட்டது. ஆதாரம் கேட்ட நகரத்தலைவர் பீட்டர் ஸ்வார்பரைத் கைவினைஞர்களின் தொழிற்குழுக்கள் பதவியிலிருந்து இறக்கின. புதுச் சபை வந்த சில நாளில் தீ.

பிறகு யூதர்களிடம் ஊரார் எழுதிக்கொடுத்த கடன்பத்திரங்கள் ரத்து, அடகுப் பொருள்கள் வீடு திரும்பின, யூதர்களின் ரொக்கத்தைத் தொழிலாளிகள் பங்கு போட்டார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்ட பாதிரி சொன்னார் என்று சிலர் தங்கள் பங்கைப் பேராலயத்துக்குக் கொடுத்தார்களாம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கைகழுவல் கதையை மறுபடி படித்துப் பார்.

ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து யூதர்களை மறுபடி ஊருக்குள் விட்டார்கள். அதன்பின் நடந்தது அடுத்த கடிதத்தில். அண்ணிக்கு என் வணக்கம். ஊறுகாய் ஜாடியைத் திருப்பி அனுப்பு.

உன்,
ராமு