காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியருக்கு,

கொரோனாவில் ஒருவர் இறந்தால் சர்க்கரை இருந்ததா, பிரஷர் இருந்ததா என்று கேட்டோம். எந்தக் காற்றைச் சுவாசித்து வாழ்ந்தார் என்று கேட்டவர்கள் குறைவு. மும்பை செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியரான என்னை அந்தக் கேள்வி விடவே மாட்டேன் என்கிறது.

ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்க மாவட்டங்களை ஒப்பிட்டு, 2020 நவம்பரில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள் பல ஆண்டுச் சராசரியில் வெறும் 1 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்த இடங்களில், கொரோனா இறப்பு விகிதம் சுமார் 11 சதவீதம் அதிகம். மாவட்டச் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் இதுவே முழு நிரூபணம் ஆகாது. ஆனால் 2003இல் சீனாவில் சார்ஸ் என்ற, இன்னொரு கொரோனா வகை வைரஸால் வரும் நுரையீரல் நோய் பரவியபோதும் மாசு மிகுந்த பகுதிகளில்தான் இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது.

நுண்துகள் நுரையீரலின் காற்றுப்பை வரை இறங்கி அழற்சியை உண்டாக்கும். ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலில் வைரஸ் புகுந்தால் என்ன ஆகும்?

பிஎம் 2.5க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்போ 40! எங்கள் பக்கம் மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், தேவ்னார் குப்பைமேடு, அப்புறம் தெருவுக்குத் தெரு இடித்துக் கட்டும் தூசி. 2016 ஜனவரியில் தேவ்னார் எரிந்தபோது வந்த புகையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மாநகராட்சி தன்னிடமுள்ள வார்டுவாரி கொரோனா இறப்புக் கணக்கையும் காற்றுத்தர அளவீடுகளையும் ஒப்பிட்டு வெளியிட வேண்டும். அடுத்த தொற்று வருவதற்குள் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
செம்பூர், மும்பை