தேறமாட்டார் என்று எழுதும் முன்: பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். அகமதிப்பீடு, வருகைப்பதிவு, முந்தைய பருவ மதிப்பெண் ஆகியவற்றிலிருந்து எவர் தேறமாட்டார் என்று கணினி முன்கூட்டியே சொல்லும் திட்டத்தை வரவேற்கிறேன். அரியர்கள் குவிந்தபின் பிள்ளையைத் தேடுவதைவிட அது மேலானது.

ஆனால், இப்படிக் கணிக்கும் கணினி மாதிரி 90 விழுக்காடு சரியாகக் கணிக்கிறது என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். நூறு பேரில் தொண்ணூறு பேர் தேறும் வகுப்பில், எல்லோரும் தேறுவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே 90 விழுக்காடு வந்துவிடும். தவறிய பத்துப் பேரில் ஒருவரையும் அது காட்டியிருக்காது. அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேரைக் கண்டது, தேறக்கூடிய எத்தனை பேரை வீணாகக் குறித்தது என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

வருகைப்பதிவுக்கும் இங்கே வேறு பொருள் உண்டு. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை நீள்கிறது; பருவத் தேர்வும் அடுத்த ஆண்டுக் கட்டணமும் நெருங்கும் அந்த நாட்களில்தான் வீட்டில் வருமானம் நிற்கிறது. தாயோடு கடற்பாசி எடுக்கப் போனவளும், கடலில் பிடிபட்ட தகப்பனுக்காக அலுவலகங்களுக்கு அலைந்தவனும் பதிவேட்டில் வெறும் ‘வரவில்லை’தான். இதற்காகத் தந்தையின் தொழிலையும் மாதிரியில் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் வன்மையாக மறுக்கிறேன்; மீனவர் வீட்டில் பிறந்ததே தோல்விக்கு அடையாளமாகிவிடும்.

2020-இல் இங்கிலாந்தில் பள்ளிகளின் பழைய முடிவுகளையும் சேர்த்துக் கணித்த முறை, ஆசிரியர்கள் மதிப்பிட்ட ஏ லெவல் (அங்குள்ள பள்ளி இறுதித் தேர்வு) தரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் குறைத்தது. ஆகஸ்ட் 13-இல் வந்த முடிவை ஆகஸ்ட் 17-இலேயே கைவிட நேர்ந்தது. பள்ளியின் பழைய கணக்கு பிள்ளையின் தலையில் விழுந்தால் என்னவாகும் என்பதை அந்த நான்கு நாட்கள் காட்டின.

எனவே முந்தைய ஆண்டுகளின் தரவில் பழக்கிய மாதிரியை அதற்கடுத்த ஆண்டு மாணவர்கள்மீது சோதியுங்கள். கரையோரக் கல்லூரிகளின் பிழைக்கணக்கைத் தனியே காட்டுங்கள். கிடைக்கும் பட்டியல் வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் செல்லட்டும். உதவித்தொகைக்கோ, விடுதி இடத்துக்கோ, தேர்வு அனுமதிச்சீட்டுக்கோ அதைத் தொடவே கூடாது. பெயர் வந்த பிள்ளையை அழைத்து, ஏன் வரவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். சோதனைக் கணக்கைச் சரிபார்க்க ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கரையோரக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்