மியூனிக் வேண்டாம், லைப்சிக் வா

எர்ஃபுர்ட்,
மே 2026

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும், அச்சகத்து ட்ரெடில் மிஷினை இரும்புக் கடைக்காரன் எடை போட்டு எடுத்துப் போனதும் ஒரே பக்கத்தில் இருந்தன. எதற்கு முதலில் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே நாங்கள் நலம். வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில் தக்காளி நட்டிருக்கிறேன், கொத்தமல்லி முளைத்துவிட்டது, கத்தரி வழக்கம்போல் சண்டித்தனம் செய்கிறது.

பயண விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன்: மியூனிக், பெர்லின், ஹாம்பர்க், கொலோன், ஹைடல்பெர்க். பத்து நாளில் ஐந்து ஊர் என்றால், நீயும் தங்கை கமலாவும் ஜெர்மனியைப் பார்க்கப்போவதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடைகளைத்தான் பார்ப்பீர்கள். அவளுக்கு முழங்கால் வலி வேறு. பெர்லின் ஒரு வாரம் கேட்கும் ஊர். மியூனிக் அழகுதான், ஆனால் கோடையில் அறை வாடகையைக் கேட்டால் நீ திரும்பி விமானம் ஏறிவிடுவாய். கொலோனுக்கு ராத்தங்கலே தேவையில்லை. ஸ்டேஷன் வாசலை விட்டு வெளியே வந்தால் எதிரே 157 மீட்டர் உயரத்துக்குத் தேவாலயம் நிற்கும். 1248-இல் தொடங்கி 1880-இல்தான் கட்டி முடித்தார்கள். பெட்டியை லாக்கரில் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்து அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.

நீ ஒரே ஒரு ஊரில் தங்குவதானால் அது லைப்சிக்தான். இதை நான் வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன். ஈய எழுத்தோடு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் உனக்குச் சொல்கிறேன். ஜெர்மன் புத்தகத் தொழிலே ஒரு காலத்தில் அங்கேதான் குடியிருந்தது. புத்தக வியாபாரிகள் 1825-இல் சங்கம் அமைத்தது அந்த ஊரில்தான். அச்சகங்களும் பைண்டிங் பட்டறைகளும் ஒரு முழுப் பேட்டையாகவே இருந்தன. 1943 டிசம்பர் 4 விடியற்காலைக் குண்டுவீச்சில் அந்தத் தெருக்கள் எரிந்து போயின. போருக்குப் பின் நாடு இரண்டாகப் பிரிய, பெரிய பதிப்பகங்கள் பல மேற்கே போய்விட்டன.

மிச்சம் இருப்பதே உனக்குப் போதும். ஊரின் மேற்கே, ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் அச்சுக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குள் பூட்டி வைத்த பொருட்கள் அல்ல, ஓடுகிற இயந்திரங்கள். மாடிப்படி ஏறும்போதே மையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறும். ஏப்ரன் கட்டிய ஒரு முதியவர் ஈயம் காய்ச்சி வார்த்த எழுத்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சூடு ஆறவில்லை. நீ ஸ்டிக்கில் எழுத்து அடுக்கும்போது தலை எது கால் எது என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாயே, எழுத்தின் பக்கவாட்டில் வெட்டிய அந்தக் காடிப் பள்ளம் அப்படியே இருந்தது. நானும் தடவிக் காட்டினேன். எனக்குத் தொழில் தெரியும் என்று நினைத்துக்கொண்டார், நானும் மறுக்கவில்லை.

அடுத்தது ஹாலே. லைப்சிக்கிலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், தமிழில் அச்சடிக்க எழுத்து வேண்டும் என்று ஹாலேக்கு எழுதினார். ஹாலேயில் தமிழ் எழுத்துக்களை வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். தமிழே தெரியாத ஒருவன் 'ழ'வையும் 'ஞ'வையும் உலோகத்தில் வெட்டுவதை நினைத்துப் பார். எழுத்துக்கள் பெரிதாக அமைந்துவிட்டதால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக்கொண்டார்கள். 1578-லேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டதே என்று நீ வாதாடுவாய், தெரியும். ஆனால் அந்தக் கதையைத் தேடி நீ ரயில் ஏற முடியாது, இதற்கு முடியும். ஃபிராங்கே என்ற பாதிரியார் 1698-இல் ஹாலேயில் தொடங்கிய அநாதை விடுதி நிறுவனத்தின் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அநாதை விடுதியாக இருந்த கட்டடத்தின் மேல்மாடத்தில், முதலை ஒன்று கூரையிலிருந்து தொங்கும் அரும்பொருள் அறை இருக்கிறது. அதைக் கமலா விடமாட்டாள்.

அவளுக்கு லைப்சிக்கிலும் வேலை இருக்கிறது. இசைமேதை பாக் 1723 முதல் இறக்கும் வரை பாடகர் குழுவை நடத்திய தாமஸ் தேவாலயத்தில்தான் அவர் கல்லறையும் இருக்கிறது. பாடும் பையன்களுக்குக் கோடையில் பள்ளி விடுமுறை. பாக் எங்கும் போகமாட்டார்.

ரயில் பற்றி இரண்டு வார்த்தை. ஜெர்மன் ரயில் கடிகாரம்போல ஓடும் என்பது பழைய கதை. 2024-இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதமே நேரத்துக்கு வந்தன; அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் தாமதமே இல்லை என்ற கணக்கில். எனவே மாறும் இடத்தில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. விரைவு ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் பாதிக் காசு மிச்சம். உள்ளூர், வட்டார ரயில்களுக்கு 63 யூரோ மாத டிக்கெட் எடுத்துக்கொள். ஆனால் அது சந்தா முறை, அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் முதல் நாள் மைன்ஸ் போகலாம். குட்டன்பர்க் அருங்காட்சியகம் இப்போது தற்காலிகமாக வேறு கட்டடத்தில் இருக்கிறது, ஆனால் அவர் அச்சிட்ட பைபிள் அங்கே உண்டு. அங்கிருந்து கோப்லென்ஸ் வரை மெதுவான ரயிலில் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். ரைன் நதி கூடவே வரும். பிறகு நேராக லைப்சிக். என் ஊர் வழியில்தான் இருக்கிறது. வீடுகள் வரிசையாக நிற்கும் பாலத்தைக் காட்டி, சோறும் போட்டு, லைப்சிக்குக்கு நானும் கூடவே வருகிறேன்.

ஆகஸ்ட் வெயிலுக்குக் குளிர்சாதனம் உள்ள அறையாகப் பார். பல விடுதிகளில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஆகவே செவ்வாய் முதல் சனி வரை லைப்சிக்கில் இருப்பதுபோல் தேதி போட்டு, இந்த மாதம் முடிவதற்குள் எழுது. டிக்கெட் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. மகனிடம், மாமா மியூனிக்கை அடித்துவிட்டார் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
முத்து